கீரி காட்டிய பிரேக் ஷூ

மந்திமலைக் காட்டின் உச்சியில் ஒரு கீரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தது. அதன் பெயர் துரைக்கண்ணு. எந்த வண்டியைக் கொண்டுவந்தாலும் சர்ரென்று அடியில் நுழைந்துவிடும். வால் நுனி மட்டும் வெளியே தெரியும். உள்ளே அது வேலை பார்க்கிறதா, படுத்துத் தூங்குகிறதா என்று வால் நுனியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கீரிக்கு அது பெரிய வசதி.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. "துரைக்கண்ணு ஒர்க்‌ஷாப். நம்பிக்கையே எங்கள் மூலதனம்!" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே எறும்பு மட்டும் படிக்கக்கூடிய எழுத்தில், "சாலையில் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றும் எழுதியிருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் புதுச் சாமான் மாட்டினால், கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரரிடம் காட்ட வேண்டும். ஏமாற்று வேலை நடக்கக் கூடாது என்று பெரியவர்கள் கொண்டுவந்த வழக்கம் அது. கீரிக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும்.

ஏன் பிடிக்கும் என்றால், அதனிடம் ஒரு பழைய பிரேக் ஷூ இருந்தது. பிரேக் ஷூ என்பது சக்கரத்துக்கு உள்ளே இருந்து அழுத்தி வண்டியை நிறுத்துகிற பட்டை. எந்தக் காலத்திலோ ஒரு ஜீப்பிலிருந்து கழற்றியது. கன்னங்கரேலென்று, தேய்ந்து, ஓரத்தில் கடித்த மாங்காய் மாதிரி ஒரு உடைசலோடு இருக்கும். பார்த்தவர்கள் இரண்டடி பின்னால் போவார்கள்.

பிரேக் வேலைக்கு எந்த வண்டி வந்தாலும் கீரி அதைத்தான் எடுத்து நீட்டும்.

"பாத்தீங்களா ஓனரே! இன்னும் ஒரு நாள் ஓட்டியிருந்தீங்க, அவ்வளவுதான்!"

வண்டிக்காரர் வெலவெலத்துப் போவார். கும்பிடு போடுவார். அந்த ஷூவை வீட்டுக்கு எடுத்துப் போகக் கை நீட்டினால், கீரி பதறும்.

"ஐயையோ! ஆகாத சாமானை வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க! அந்தத் தோஷம் என்னோட போகட்டும்!"

வண்டிக்காரர் கண் கலங்கி வீட்டுக்குப் போவார். ஷூ மறுபடியும் மேஜை டிராயருக்குள் போகும்.

கீரியை மட்டும் திட்டினால் அது ஓரவஞ்சனை. வண்டிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றதுமே எல்லோருக்கும் முகம் பச்சைக் குழந்தையின் முகமாகிவிடும்.

"நான் ஒண்ணுமே பண்ணலை! சும்மாதான் நின்னுது! தானா ஆயிடுச்சு!"

ஒருமுறை முள்ளம்பன்றி தன் ஜீப்பைக் கொண்டுவந்தது. "தண்ணியா? மழைத் துளிகூடப் பட்டது கிடையாது!" என்று அது சத்தியம் செய்துகொண்டிருந்தபோதே சைலன்சருக்குள்ளிருந்து ஒரு கெளுத்தி மீன் எட்டிப் பார்த்தது. முள்ளம்பன்றி அசரவில்லை. "இது எப்படி இங்க வந்துது!" என்று மீனையே கேட்டது.

அந்தக் காட்டில் பெத்தபெருமாள் என்று ஒரு கரடி இருந்தது. அதனிடம் ஒரு வேன் இருந்தது. மலை உச்சியில் இருக்கும் சின்னஞ்சிறுசுகளைத் தினமும் காலையில் கீழே ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவதுதான் கரடியின் வேலை. வழியில் ஏழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம்.

கரடிக்கு ஒரு பலவீனம் உண்டு. என்னவென்று சொல்லவே வேண்டாம், தேன்தான். ஒருநாள் மூன்றாவது வளைவில் வேனை நிறுத்திவிட்டுப் பாறையில் தொங்கிய தேனடையை எடுக்கப் போனது. கயிறு எட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தது. வேனின் ஹேண்ட் பிரேக் ஒயர் கண்ணில் பட்டது. நல்ல நீளம், நல்ல உறுதி. அறுத்து எடுத்துக் கயிற்றோடு முடிச்சுப் போட்டது. தேன் வந்தது. ஒயர் நழுவிப் பாதாளத்தில் விழுந்தது.

ஹேண்ட் பிரேக் கம்பி தொளதொளவென்று ஆடியது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கரடி ஒரு காட்டுக்கொடியை எடுத்துக் கம்பியை இழுத்துக் கட்டியது. இப்போது கம்பி விறைப்பாக நின்றது. வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

"அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்று கரடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அப்படிச் சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேன் பிரேக் மிதித்தால் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. கரடி ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தது.

"துரைக்கண்ணு அண்ணே! பிரேக்கு கத்துது! நான் ஒண்ணுமே பண்ணலை!"

"பாரம் ஏத்தினீங்களா ஓனரே?"

"பாரமா? பிள்ளைங்கதான் ஏறும். பஞ்சு மாதிரி இருக்குங்க எல்லாம்!"

வேனுக்குள்ளிருந்து பலாப்பழ வாசனை கும்மென்று வந்தது. முந்தின நாள் நாற்பது பலாப்பழம் ஏற்றியிருந்தது கரடி. கீரி மூக்கை உறிஞ்சியது.

"ஹேண்ட் பிரேக்கு எப்படி இருக்கு?"

கரடி மனசுக்குள் கணக்குப் போட்டது. உண்மையைச் சொன்னால் இந்தக் கீரி சும்மா விடுமா? ஒயர் போயிற்று என்றால் பிரேக் மொத்தமும் போயிற்று என்னும். கேட்டால் எஞ்சினையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிடும்!

"ஹேண்ட் பிரேக்கா? கல்லு மாதிரி நிக்குது! அதுல கையே வெக்காதீங்க!" என்றது கரடி.

"கல்லு மாதிரின்னா சரி" என்றது கீரி. கழற்றிப் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்கு நான்கு போல்ட் கழற்ற வேண்டும்.

கீரி வேனுக்கு அடியில் நுழைந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததும் அதற்கே பகீரென்றது. பிரேக் ஷூ அப்பளமாகத் தேய்ந்திருந்தது. புது ஷூ வேண்டுமென்றால் கீழே டவுனிலிருந்து காக்கா கொண்டுவர வேண்டும். இரண்டு நாள் ஆகும்.

"இரண்டு நாள் ஆகும் ஓனரே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கீரி வேறு மாதிரி யோசித்தது. 'இரண்டு நாள்னு சொன்னா வேனை அந்தப் புனுகுப்பூனை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போயிடுவான். கஸ்டமரை விடக் கூடாது!'

எனவே வெளியே தலையை நீட்டிச் சொன்னது.

"நாளைக்குக் காலையில வண்டி ரெடி!"

பிறகு உப்புத்தாளை எடுத்துத் தேய்ந்த ஷூவையே நன்றாகத் தேய்த்துத் துடைத்து மாட்டியது. கத்தல் நின்றது. கீரிக்கு மனசாட்சி லேசாக உறுத்தியது. 'ஒரு வாரம் தாங்கும். தாங்கலைன்னா என்ன, ஹேண்ட் பிரேக்குதான் கல்லு மாதிரி இருக்கே!' என்று அதைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தது.

திங்கட்கிழமை காலை ஒர்க்‌ஷாப் வாசலில் கூட்டம். செவ்வந்தி என்ற முயல் தன் ஏழு பிள்ளைகளோடு நின்றது. ஏழும் யூனிஃபார்ம் போட்டு, ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் மாட்டிக்கொண்டு, வேனில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

கீரி நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தது. வேனுக்குப் பொட்டு வைத்தது. பிறகு டிராயரைத் திறந்து அந்தப் புகழ்பெற்ற ஷூவை எடுத்தது.

"பாத்தீங்களா ஓனரே! இன்னும் ஒரு நாள் ஓட்டியிருந்தீங்க, அவ்வளவுதான்! புதுசு மாட்டியாச்சு. இனி வண்டி மிதிச்ச இடத்துல நிக்கும்!"

கரடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டது. இரண்டு குடம் தேனை எடுத்துக் கீரியின் முன்னால் வைத்தது. அதன் மனசுக்குள்ளே ஒரு பெரிய நிம்மதி. 'புது பிரேக்கே வந்தாச்சு! இனி ஹேண்ட் பிரேக் எதுக்கு?'

செவ்வந்தி அருகில் வந்து ஷூவை உற்றுப் பார்த்தது.

"அண்ணா! போன மாசம் எங்க கொழுந்தன் ஆட்டோவுல கழட்டினதும் இதே மாதிரி ஓரத்துல உடைஞ்சிருந்துச்சே?"

"எல்லா ஷூவும் அந்த இடத்துலதாம்மா உடையும்! கம்பெனி பண்ற தப்பு!" என்றது கீரி.

"முயல் ஓட்டுற ஆட்டோவுக்கும் கரடி ஓட்டுற வேனுக்கும் ஒரே சைஸ் ஷூவா அண்ணா?"

கீரிக்கு இருமல் வந்தது. நீண்ட நேரம் இருமியது.

செவ்வந்தி திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தது. "யாரும் வண்டியில ஏறக் கூடாது!" என்றது. பிறகு கீரியையும் கரடியையும் பார்த்துச் சொன்னது.

"எலுமிச்சம்பழம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. முதல்ல நீங்க ரெண்டு பேரும் ஏரி வரைக்கும் ஒரு ட்ரையல் போயிட்டு வாங்க. அப்புறம் என் பிள்ளைங்க ஏறட்டும்."

"நானா? எனக்கு இங்க வேலை கிடக்கே!" என்றது கீரி.

"மிதிச்ச இடத்துல நிக்கும்னு சொன்ன வண்டியில உட்கார என்ன பயம்?"

கூட்டம் கீரியையே பார்த்தது. கீரி யோசித்தது. பிரேக் பிடிக்காவிட்டாலும் ஹேண்ட் பிரேக் இருக்கிறது. தைரியமாக ஏறியது.

கரடியும் யோசித்தது. ஹேண்ட் பிரேக் இல்லாவிட்டாலும் புது பிரேக் இருக்கிறது. அதுவும் தைரியமாக ஏறியது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பெரிதாகச் சிரித்துக்கொண்டன.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வேன் கிளம்பியது.

முதல் வளைவு. கரடி பிரேக்கை மிதித்தது. வேன் அரைமனதோடு வேகம் குறைந்தது.

"என்ன அண்ணே, கொஞ்சம் லேட்டா பிடிக்குது?"

"புது ஷூ ஓனரே! செட் ஆகற வரைக்கும் அப்படித்தான்!"

இரண்டாவது வளைவு. கருகல் நாற்றம் அடித்தது.

"என்ன அண்ணே, தீயற வாசனை வருது?"

"அது புதுசோட வாசனை!" என்றது கீரி. ஆனால் அதன் வால் மயிர் ஒவ்வொன்றாக நட்டுக்கொள்ள ஆரம்பித்தது.

மூன்றாவது வளைவு. கரடி மிதித்தது. பெடல் பொதக்கென்று தரைவரைக்கும் போனது. வேன் நிற்கவில்லை. மாறாக, குஷியாக ஓட ஆரம்பித்தது!

"அண்ணே! நிக்கலை!"

"ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க! ஹேண்ட் பிரேக்கு!"

கரடி அசையவில்லை.

"போடுங்கய்யா!"

கீரியே பாய்ந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்தது. கம்பி கையோடு வந்தது. அதன் நுனியில் ஒரு காய்ந்த கொடி தொங்கியது.

"இது என்னய்யா இது?"

"கொடி" என்றது கரடி.

"ஒயர் எங்க?"

"தேன் எடுக்க அறுத்துட்டேன்! ஏழு மாசமாச்சு! நீ புது பிரேக்கு போட்டிருக்கேன்னு சொன்னியே!"

"நான் போடவே இல்லை! பழசைத்தான் தேச்சு மாட்டினேன்! நீ ஹேண்ட் பிரேக்கு கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னியே!"

நான்காவது வளைவு வந்துவிட்டது. வேன் ஒரு பக்கச் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. கீழே பாதாளத்தில் ஏரி ஒரு தட்டளவுக்குத் தெரிந்தது. கரடியும் கீரியும் ஒரே குரலில் அலறின.

உயிர் பயம் வந்தபோதுதான் அந்த ஒர்க்‌ஷாப்பின் சரித்திரத்திலேயே முதல்முறையாக ஒரு நேர்மையான பேச்சு தொடங்கியது.

"கியர் எதுல இருக்கு?" என்று கத்தியது கீரி.

"மூணு!"

"ரெண்டுக்கு இறக்கு! எஞ்சின் பிடிச்சு நிறுத்தும்!"

"ரெண்டு விழாது!"

"எப்போலேர்ந்து?"

"பொங்கல்லேர்ந்து!"

"ஏன்யா சொல்லலை?"

"சொன்னா கியர் பாக்ஸையே கழட்டிப் போட்டுடுவே! போன தடவை ஹாரன் அடிக்கலைன்னு வந்ததுக்கு ரேடியேட்டரைக் கழட்டினியே!"

"ரேடியேட்டர்ல ஒண்ணுமே இல்லை! சும்மாதான் கழட்டினேன்!"

"அடப்பாவி!"

ஐந்தாவது வளைவு. வேன் மலைச்சுவரை உரசிக்கொண்டு போனது. ஒரு பக்கக் கண்ணாடி பறந்தது.

"ஸ்டீயரிங்காவது நல்லா இருக்கா? பொய் சொல்லாம சொல்லு!"

"இடது பக்கம் லேசா இழுக்கும்!"

"இழுக்கட்டும்! இடது பக்கம்தான் மலை. அப்படியே உரசிக்கிட்டே போ! கிளட்ச்சு எப்படி?"

"அது உண்மையிலேயே நல்லா இருக்கு! சத்தியமா!"

"சத்தியம் வேணாம், மிதி! நான் நேரா ஒண்ணுக்குப் போடறேன்!"

கரடி கிளட்ச்சை மிதித்தது. கீரி கியர் கம்பியில் தொங்கித் தன் உடம்பு மொத்தத்தையும் போட்டு இழுத்தது. எஞ்சின் ஊளையிட்டது. அதற்கு அடியில் ஏதேதோ உடைந்தது. எது உடைந்தது என்று இருவரும் கேட்கவில்லை. வேகம் குறைந்தது.

ஆறாவது வளைவில் மெல்லத் திரும்பியது வேன். ஏழாவது வளைவில் திரும்பவில்லை. நேராகப் போய் எருமைகள் படுத்திருக்கும் சேற்றுக் குட்டைக்குள் இறங்கி ஜன்னலளவு சேற்றில் நின்றது.

ஒரு கிழ எருமை அசை போடுவதை நிறுத்தித் தலையைத் திருப்பியது.

"ட்ரையலா?" என்று கேட்டது.

இரண்டும் தலையாட்டின. எருமை மறுபடியும் அசை போட ஆரம்பித்தது.

கரடியும் கீரியும் சேறு வழிய ஏழு வளைவும் ஏறி நடந்தன. உயிர் பிழைத்தாயிற்று என்று தெரிந்ததும் கீரிக்குப் பழைய புத்தி திரும்பி வந்தது.

"ஓனரே! நடந்தது நமக்குள்ள இருக்கட்டும். கேட்டா, குட்டையோரம் வண்டியைக் கழுவினோம், வழுக்கி விழுந்தோம்னு சொல்லிடலாம். புதன்கிழமை காக்கா ஷூ கொண்டுவந்துடும். யாருக்கும் தெரியாது!"

கரடியும் "நல்ல யோசனை" என்றுதான் சொன்னது. கதை கேட்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பழக்கம் அப்படி.

ஒர்க்‌ஷாப் வாசலில் பிள்ளைகள் இன்னும் காத்திருந்தன. கடைக்குட்டி ஓடிவந்து கரடியின் விரலைப் பிடித்துக்கொண்டது.

"மாமா! ஜன்னல் சீட்டு இன்னைக்கு எனக்குத்தானே?"

நான்காவது வளைவில் ஜன்னலோரம் பாதாளத்தைப் பார்த்தது கரடிக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சீட்டில் இந்தக் குட்டி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இன்னும் ஆறு. கரடி தொப்பென்று தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதது.

"பிரேக் எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்டது செவ்வந்தி.

"பிரேக்கே இல்லைம்மா!" என்றது கரடி. "ஹேண்ட் பிரேக்கும் இல்லை! ஒயரை நான்தான் அறுத்தேன். ஏழு மாசமா உங்க பிள்ளைங்களை அப்படித்தான் கூட்டிட்டுப் போனேன்!"

கீரி நைசாக வேறொரு வண்டிக்கு அடியில் நுழையப் பார்த்தது. செவ்வந்தி வாலைப் பிடித்து வெளியே இழுத்தது.

"நீங்க சொல்லுங்க!"

"ஷூ மாத்தலைம்மா" என்றது கீரி தரையைப் பார்த்து. "இருக்கிறதே அந்த ஒரு ஷூதான். எல்லாருக்கும் அதைத்தான் காட்டுவேன்."

கூட்டத்தில் பாதி பேர் தங்கள் வண்டிகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செவ்வந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு பிள்ளைகளையும் இழுத்து அணைத்துக்கொண்டது. பிறகு மேஜை மேல் இருந்த ஷூவை எடுத்தது. ஒர்க்‌ஷாப் வாசலுக்குப் போய், "நம்பிக்கையே எங்கள் மூலதனம்" என்ற பலகையைக் கழற்றிக் கீழே வைத்தது. அந்த ஆணியில் ஷூவை மாட்டியது.

"இனிமே இந்த மலையில ஒரு சட்டம். ரிப்பேர் பண்ணினவரும் வண்டிக்காரரும் முதல்ல ஏறி ஏழு வளைவும் இறங்கணும். அதுக்கப்புறம்தான் மத்தவங்க ஏறுவாங்க!" என்றது.

இரண்டு தேன் குடமும் பள்ளிக்கூடத்துக்குப் போயின. புதன்கிழமை காக்கா புது ஷூவும் ஒயரும் கொண்டுவரும்வரை கரடி ஏழு முயல்குட்டிகளையும் முதுகில் சுமந்தே பள்ளிக்கூடத்தில் விட்டது. கடைக்குட்டிக்கு மட்டும் கழுத்தில் இடம். எட்டிப் பார்க்க அதுதான் வசதி. கரடியின் முதுகு அதற்குப் பிறகு பல நாள் வலித்தது. அது யாரிடமும் குறை சொல்லவில்லை.

சட்டம் வந்ததிலிருந்து கீரி மாறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மனம் திருந்தியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏழு வளைவையும் நினைத்தால் அதற்கு இன்னும் வால் நட்டுக்கொள்கிறது. "இது ரெண்டு நாள் ஆகும்" என்று அது சொல்வதை இப்போது பலர் காதால் கேட்டிருக்கிறார்கள்.

போன வாரம் முள்ளம்பன்றி ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"என்ன ஆச்சு?" என்றது கீரி.

"நான் ஒண்ணுமே பண்ணலை! சும்மாதான் நின்னுது!"

கீரி வாசலில் ஆணியில் தொங்கிய தேய்ந்த ஷூவைக் கழற்றி எடுத்து முள்ளம்பன்றியின் முன்னால் வைத்தது. பிறகு சாலையைக் கை காட்டியது. முதல் வளைவு அங்கிருந்தே தெரிந்தது.

முள்ளம்பன்றி ஷூவைப் பார்த்தது. வளைவைப் பார்த்தது.

"ஆத்துல இறக்கினேன்" என்றது. "ரெண்டு தடவை."

"சரி, நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றது கீரி. "போன தடவை உங்க ஜீப்புல நான் மீனைத்தான் எடுத்தேன். வேற ஒண்ணும் பண்ணலை!"

பிறகு இரண்டும் சேர்ந்து ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தன.

வண்டியைக் கொண்டுவருகிறவரும் பழுது பார்க்கிறவரும் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொள்ளாவிட்டால், ஆளுக்கொன்றாக மறைத்த பொய்கள் இரண்டும் இறக்கத்தில் ஒரே வண்டியில்தான் ஏறி உட்காரும்.